தாய்மாமன் 1, தாய்மாமன் 2

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'குரு டிஜிட்டல்ஸ்' என்று ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. போர்டில் இருப்பது குருவின் பேர். பேனர் டிசைன் பண்ணுவது அவர் மனைவி கோகிலவாணி. அச்சாகி வந்த ஃப்ளெக்ஸை இழுத்துச் சட்டத்தில் ஆணி அடிப்பதில் குருவை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொன்னால் உடனே அவருக்கு டீ வாங்கப் போகும் வேலை வந்துவிடும்.

கோகிலவாணி தர்மபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுப் பெங்களூரில் ஆறு வருஷம் புரோகிராம் எழுதியவள். அங்கே அப்படி என்னதான் எழுதினாள் என்பதைச் சொந்தக்காரர் ஒருவருக்குக்கூட அவளால் புரியவைக்க முடிந்ததில்லை. கல்யாணமாகிக் கடையில் உட்கார்ந்த முதல் வாரத்தில் ஒன்று தெரிந்துகொண்டாள். பெங்களூரில் முதுகுக்குப் பின்னால் ஒரு மேனேஜர் நின்றார். இங்கே ஒரு குடும்பமே நின்றது. எல்லோரும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஸ்கிரீனில் விரலை வைத்து, "மாமாவக் கொஞ்சம் தூக்கு, சித்தப்பாவக் கொஞ்சம் எறக்கு" என்பார்கள். விரலை எடுத்த இடத்தில் வடை எண்ணெய் மினுங்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, பேனர் போடுவதற்குச் சொந்தமாகவே ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். அதில் பேனர் ஒன்றுதான். அதைப் பார்க்கும் விண்டோ எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மானிட்டரில் வைக்கலாம். ஒரு விண்டோவில் பெரிதாக்கிப் பார்த்தால் மற்றதில் பெரிதாகாது, ஏனென்றால் பார்வை அவரவருடையது. பேனரில் ஒரு புள்ளியை நகர்த்தினால் எல்லா விண்டோவிலும் நகரும், ஏனென்றால் பேனர் பொது. இதைக் குருவிடம் அரை மணி நேரம் விளக்கினாள்.

"கோயிலுக்கு நாலு வாசல், சாமி ஒண்ணு. அதான?" என்றார் குரு.

அதுதான். கோகிலவாணிக்குப் படித்த படிப்பெல்லாம் வீண் என்று தோன்றிய நாட்களில் அதுவும் ஒன்று.

எழுதியவுடன் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. ஒரு விண்டோவில் செய்த மாற்றம் இன்னொன்றில் தெரியாமல் போய், மாப்பிள்ளை வீட்டார் மீசை வைத்த படத்துக்கும் பெண் வீட்டார் மீசையில்லாத படத்துக்குமாக, ஒரே மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொரு முறை, கோபித்துக்கொண்டு எழுந்து போன ஒரு பங்காளியின் விண்டோவை மூடினாள்; கோயில் திருவிழா பேனர் மொத்தமும் போய்விட்டது. ஒவ்வொன்றாகத் திருத்தினாள். கடைசி விண்டோவை மூடும் வரைக்கும் பேனர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதினாள். விண்டோவின் தலையில் பைல் பேரைப் போட்டு, இரண்டு திறந்திருந்தால் பக்கத்தில் 1, 2 என்று நம்பர் விழவைத்தாள். ஒன்றே மிஞ்சினால் நம்பர் தானாகப் போய்விடும். அந்த நம்பரைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இந்தப் பெருமையெல்லாம் அவள் குழந்தையின் காதுகுத்துப் பேனர் வரைக்கும்தான்.

காதுகுத்துக்குக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். கோகிலவாணிக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் தீர்த்தகிரி, தொப்பூர் கணவாய் ஓரம் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். இளையவன் மாதேஷ், இண்டூரில் தக்காளி போடுகிறான். இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. மாதேஷ் புது வீடு கட்டிக் குடி போனபோது வைத்த பேனரில் தீர்த்தகிரியின் தலை சுண்டைக்காய் அளவில் ஒரு மூலையில் கிடந்தது. மூத்தவர் பேனரைப் பார்த்தார், வந்த பைக்கிலேயே திரும்பினார். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அந்தப் பேனரை டிசைன் பண்ணியது யார் என்று இரண்டு பேரும் யோசித்ததில்லை. கோகிலவாணி யோசிக்காத நாளில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் கோயிலில் காதுகுத்து. மடி என்று பார்த்தால் ஒருவருடையது போதும். அவளுக்குப் போதாது. இருவரும் வர வேண்டும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் பேனர் என்று பேச்செடுத்ததுமே போனில் இரண்டு பக்கமும் நிபந்தனை வந்துவிட்டது.

"அவன் மூஞ்சி என் மூஞ்சிய விட ஒரு நூல் பெருசா இருந்தாலும் நான் வரமாட்டன். சொல்லிப்புட்டன்" என்றார் தீர்த்தகிரி.

"க்கா, அவரு படம் எனக்கு மேல இருந்துச்சுன்னா என்னைய எதிர்பாக்காத" என்றான் மாதேஷ்.

போட்டோக்களும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே போட்டோ. அவள் கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று எடுத்தது. அதில்தான் தான் அழகாக இருப்பதாக இரண்டு பேருக்குமே எண்ணம். ஆளுக்கொரு பக்கம் மற்றவரை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு கை தோளோடு காணோம். தம்பியின் தோளில் சிவப்புக்கல் மோதிரம் போட்ட ஐந்து விரல் மட்டும் உட்கார்ந்திருந்தது. அவள் ஒருவரைப் பேனரின் இந்தக் கோடியிலும் மற்றவரை அந்தக் கோடியிலும் வைத்து, நடுவில் குழந்தையைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரையும் கடைக்கு வரச் சொன்னாள். இரண்டு மணிக்குள் பைல் தர்மபுரிக்கு அச்சுக்குப் போக வேண்டும். மேஜையில் இரண்டு மானிட்டரை முதுகோடு முதுகு வைத்து, பக்கவாட்டில் மவுஸோடு அவள் உட்கார்ந்துகொண்டாள். எதிரெதிரே உட்கார்ந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பைலுக்கு 'தாய்மாமன்' என்று பேர்.

மாதேஷ் முதலில் வந்தான். அவன் விண்டோவைத் திறந்தாள். கால் மணி கழித்துத் தீர்த்தகிரி முட்டைப் போண்டாப் பொட்டலத்தோடு வந்து, தம்பி என்று ஒருவன் அங்கே இருப்பதே தெரியாதவர் போல உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாவது விண்டோ. அவர் பேனரைப் பார்க்கவில்லை. விண்டோவின் தலையைப் பார்த்தார்.

"கோகிலா, என் பேருக்குப் பக்கத்துல ரெண்டுன்னு போட்டிருக்குது?"

"அது உங்க பேரு இல்லிங்கண்ணா, பைல் பேரு. ரெண்டுங்கறது விண்டோ நம்பரு."

"தாய்மாமன் ரெண்டுன்னு இருக்குது. நான் எப்பம்மா ரெண்டாவதா பொறந்தன்?"

அவள் இரண்டையும் மூடி, அவருடையதை முதலில் திறந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து உடனே குரல் வந்தது.

"க்கா, இப்பதான் ஒண்ணா இருந்தன். அதுக்குள்ள ரெண்டாயிட்டன்?"

கோகிலவாணி கணவரைப் பார்த்தாள். குரு எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் புரோகிராமைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள். இரண்டு விண்டோவிலும் 'தாய்மாமன் 1'. பெங்களூரில் அவளோடு வேலை பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இப்படி அண்ணன் தம்பி இல்லை.

அடுத்து சைஸ். "என்னையக் கொஞ்சம் பெருசாக்கு" என்றார் அண்ணன். ஆக்கினாள். இடம் வேண்டுமே என்று தம்பியைக் கொஞ்சம் ஒதுக்கினாள்.

"க்கா, என் படம் தானா நவுருது!"

அவனைப் பெரிதாக்கினாள்.

"கோகிலா, எவனோ என்னைய இடிக்கறான்!"

மூன்று வருஷம் பேசாதவர்கள் பேனருக்குள் தள்ளுமுள்ளு நடத்திக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரை ஆகிவிட்டது. அவள் கடைசியில் ஒரு தந்திரம் செய்தாள். பேனரைத் தொடவில்லை. அண்ணன் விண்டோவை அண்ணன் முகத்தில் வைத்துப் பெரிதாக்கினாள், தம்பி விண்டோவைத் தம்பி முகத்தில். மானிட்டர் முழுக்க அவரவர் முகம். இருவரும் சாய்ந்து உட்கார்ந்து டீயைக் குடித்தார்கள். இரண்டு பேருக்கும் பேனர் ரொம்பப் பிடித்துவிட்டது.

இது ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பத்தடிக்குப் பேனர் நிற்கும்போது பெரிதாக்கிக் காட்ட அங்கே விண்டோ இருக்காது. மூத்தவர் பேனரைப் பார்ப்பார், வந்த பைக்கிலேயே திரும்புவார்.

நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, தீர்த்தகிரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அவன் எத்தாசோடு, எவ்ளோ பெருசா இருக்கறான்னு காட்டு. பக்கத்துல போய்க் காட்டு."

வேறு வழியில்லை. அவர் விண்டோவைத் தம்பியின் படத்துக்கு நகர்த்தினாள். அவர் குனிந்து ஸ்கிரீனில் விரற்கடை வைத்துத் தம்பி மூக்கை அளக்க ஆரம்பித்தார். அதே நேரத்தில் மாதேஷ் அந்தப் பக்கம் சொன்னான்: "க்கா, என் தோள்மேல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்குது பாரு. அத அழிச்சிடு."

அவளுக்குக் கை வரவில்லை. "இருந்துட்டுப் போவட்டும்டா" என்றாள்.

"அசிங்கமா இருக்குது. அழிக்கா."

மணி ஒன்று. அவள் அழிப்பானை எடுத்துச் சுண்டு விரலில் ஆரம்பித்தாள். விரல் நுனி தம்பியின் விண்டோவில் காணாமல் போனது. அண்ணனின் விண்டோவிலும் அதே நொடியில் காணாமல் போனது. தீர்த்தகிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய்! அது என் கைடா!"

குரு டம்ளரோடு அப்படியே நின்றார். மூன்று வருஷத்தில் அண்ணன் தம்பிக்குச் சொன்ன முதல் வார்த்தை அந்த 'டேய்'.

"உங்க கையா?" என்றான் மாதேஷ். மானிட்டருக்கு மேலாகத் தலை எட்டிப் பார்த்தது. "உங்க கை என் தோள்ல என்னாத்துக்கு இருக்குது?"

"மோதிரத்தப் பாருடா. இவ கல்யாணத்துல, இவ போவப் போறான்னு நீ மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்ன. நான்தான் தோள்ல கைபோட்டு, போட்டோவுக்குச் சிரிடான்னன்."

"நானா அழுதன்? நீங்கதான் பந்தலுக்குப் பின்னால போயி அழுதுட்டு வந்தீங்க. கண்ணு செவந்திருக்குதா இல்லியா, பெருசாக்கிப் பாருக்கா."

தீர்த்தகிரி மேஜையைச் சுற்றிக்கொண்டு தம்பி பக்கம் வந்துவிட்டார். சண்டை போட வந்தவர் போலத்தான் வந்தார். நின்ற பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்பறம் எதுக்குடா உன் வூட்டு பேனர்ல என்னையச் சுண்டக்கா மாதிரி போட்ட?"

"நான் எங்க போட்டன்? அக்காதான போட்டுச்சு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

கோகிலவாணி மவுஸைக் கீழே வைத்தாள். இந்த நிமிஷத்துக்கு மூன்று வருஷமாக அவள் பயந்திருந்தாள். "நீங்க போட்டோவ போட்டோ புடிச்சி அனுப்புனீங்கண்ணா. பெருசாக்குனா மூஞ்சி கட்டம் கட்டமா ஒடையுது. அதான் சின்னதா வெச்சன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"இத மூணு வருஷமா ஏன் சொல்லல?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டயும் பேசாம போயிட்டீங்கன்னா?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் வாங்கியது போன்ற திட்டை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. அண்ணன் ஒரு வரி சொல்ல, தம்பி "ஆமாங்கண்ணா" என்று அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தான். படித்த திமிர் என்றார்கள், பெங்களூர் புத்தி என்றார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் திட்டினால் தேவலை என்றிருந்தது.

மணி ஒன்றே முக்கால் என்று குருதான் நினைவுபடுத்தினார். அவள் தம்பியின் படத்தைப் பிடித்து அண்ணனிடம் இழுத்துக்கொண்டு போனாள். அறுந்த தோளும் தம்பியின் தோளில் கிடந்த விரல்களும் ஒரே கையாகச் சேர வேண்டுமானால் இரண்டு தலையும் போட்டோவில் இருந்த சைஸில்தான் இருந்தாக வேண்டும். அந்த சைஸில் அண்ணன் கொஞ்சம் பெரிதாகவும் தம்பி கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்கள். கை பொருந்தியது. யாரும் விரற்கடை வைக்கவில்லை. இருவரும் ஒரே மானிட்டர் முன்னால் நின்றதால் காலியாகக் கிடந்த விண்டோவை மூடினாள். மிஞ்சிய விண்டோவின் தலையில் நம்பர் போய், வெறும் 'தாய்மாமன்' என்று நின்றது. அதை அவள் மட்டும்தான் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை பெரிய மாமன் மடியில் உட்கார்ந்து, சின்ன மாமன் தலையைப் பிடித்துக்கொள்ள, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுது காது குத்திக்கொண்டது. பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி பரிமாறுவது போல மூன்று தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் தீர்த்தகிரி கோயில் வாசல் பேனர் முன்னால் போய் நின்றார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகிலா, சுண்டு விரலு எங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் அழித்ததை அழித்தபடியே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். பத்தடி பேனரில், சிவப்புக்கல் மோதிரத்துக்குப் பக்கத்தில், சுண்டு விரல் பாதியில் நின்றிருந்தது.

"அத நான்தான் அழிக்கச் சொன்னங்கண்ணா" என்றான் மாதேஷ் பின்னாலிருந்து.

தீர்த்தகிரி தன் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி வுடு, இன்னும் நாலு இருக்குது" என்றார்.