மூலிகை என்று நான் சொல்ல மாட்டேன்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீடுகளுக்குப் போய் ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும்தான் என் வேலை. உலகத்தையே குணப்படுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார் டாக்டர். பிரசவமாகி நாலு மாதமான பெண். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். ரத்தம் வற்றி, உதடும் நகமும் வெளுத்துக் கிடந்தார். குழந்தையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. இரும்பு டானிக் எதுவும் பலிக்கவில்லை. புதிதாக வந்திருந்த ஊசி மருந்தைக் கொடுத்துவிட்டிருந்தார் டாக்டர். மாட்டு ஈரலிலிருந்து எடுத்த சாறு அது.

அந்த வீட்டில் வெங்காயம்கூட உள்ளே வராது. கோயில் பிரசாதம் வந்தால்தான் அந்தப் பெண் வாயில் அன்றைக்கு முதல் கவளம் போகும். நான் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்பதால், நான் தொட்டுவிட்டுப் போனால் அவர் தலைக்குக் குளிப்பார். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் அவருடைய கணவர் என்னைக் கூடத்திலேயே நிறுத்தினார். பள்ளிக்கூட வாத்தியார், நயமாகப் பேசுகிறவர். "இது என்னன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். கேட்டா மூலிகைச் சாறுன்னு சொல்லிடுங்கோ. பாவம் வந்தா என்னோட போகட்டும்."

நான் உள்ளே போனேன். ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்து, மருந்தை ஏற்றினேன். அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"மூலிகை. எல்லாம் மூலிகை" என்றார் கணவர், வாசற்படியில் நின்றபடி.

"உங்களைக் கேக்கலை. நர்ஸம்மா சொல்லட்டும்."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். "நாளைக்கு வரேங்க" என்று சொல்லி வெளியே வந்தேன். வாத்தியார் பின்னாலேயே வந்தார். நயமெல்லாம் போயிருந்தது.

"அவ செத்துட்டா உங்க உண்மை வந்து குழந்தைக்குப் பால் குடுக்குமா?"

"நீங்க சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரிடம் சொன்னால் அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். "ஊசி போடறதுதான் உன் வேலை. உபதேசம் பண்ண உன்னை அனுப்பலை" என்றார். "அப்போ வேற நர்ஸை அனுப்புங்க. பொய் சொல்லத் தெரிஞ்சவளாப் பார்த்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாளைக்கும் நீயே போ" என்றார்.

மறுநாள் காலை போனேன். வாத்தியார் சொல்லியிருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் சொன்னேன். இன்ன மருந்து, இன்னதிலிருந்து எடுத்தது. இது இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒன்றையும் மறைக்கவில்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவும் இல்லை. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமியார் என் பையை எடுத்து வாசலில் வைத்தார்.

அதற்கடுத்த நாளும் போனேன். "எதுக்கு வந்தேள்?" என்று வழியை மறித்தார் வாத்தியார். "ஊசி போட வரலீங்க. நாடி பார்க்க வந்தேன். வேண்டாம்னு அவங்க சொல்லட்டும், போயிடறேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "விடுங்கோ அவளை."

நாடி குதித்து ஓடியது. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நீங்க சொல்ற வரைக்கும் இந்த ஆத்துல ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசலை. நான் சாகப் போறேன், அதான் மறைக்கிறான்னு நினைச்சுண்டிருந்தேன். இவ்வளவுதானா விஷயம்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "போடுங்கோ. ஆனா நானே கேட்டுப் போட்டுண்டேன்னு இவா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போடுங்கோ. என் பாவத்தை வேற யாரும் சுமக்க வேண்டாம். ஏகாதசியன்னிக்கு மட்டும் கிடையாது. போட்டப்புறம் நான் குளிப்பேன்."

"பச்சைத் தண்ணியில குளிச்சா மூச்சே நின்னுடும். வெந்நீர்னா சரி."

"வெந்நீர் மடியில சேராது."

"மாட்டு ஈரல் சேருமா?"

மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. "பெருமாள் கேட்டா உங்களைத்தான் கை காட்டுவேன்" என்றார்.

"காட்டுங்க. மாதா கேட்டா நானும் உங்களைக் காட்டறேன்."

வெந்நீருக்குச் சம்மதித்தார். ஏகாதசிக்கு நான் சம்மதித்தேன். அவர் கேட்டபடி எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டுத்தான் ஊசியைப் போட்டேன். ஏகாதசியன்று ஒரு ஊசி தவறியதற்கு டாக்டர் கத்தினார். "அவங்க உடம்பு, அவங்க நாள்" என்று நின்றேன். தை மாதத்தில் ஒரு நாள் நான் போனபோது, அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்து கதவைத் திறந்தார்.

நல்லபடியாக முடிந்ததால்தான் இப்படிப் பேசுகிறாய் என்று தோழிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். வாத்தியார் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தினமும் போய் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர நான் வேறெதுவும் செய்திருக்க முடியாது; அது என்னை ஆயுசுக்கும் தூங்க விட்டிருக்காது. இருந்தாலும், என் கண்ணைப் பார்த்து இதில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டால், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளதைத்தான் சொல்வேன்.