கேளம்பாக்கத்துக்கு இருபது நிமிடம் தாமதம்

2006 மார்கழி. அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் அவர் பௌத்தத்தில் தீவிரமாக இருந்தவர். அதனால் கேளம்பாக்கம் தாண்டி ஒரு வாடகை வீட்டில் தங்கியிருக்கும் பிக்குவுக்கு அன்னதானம் செய்து, அந்தப் புண்ணியத்தை அத்தானுக்கு அனுப்ப வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். பிக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் சோறு தொடமாட்டார். பீர்க்கன்கரணையிலிருந்து ஒன்பதரைக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

தாமதத்துக்கு நான்தான் காரணம். புண்ணியத்தை அனுப்பும்போது நீர் வார்க்கப் புதுச் செம்பு வேண்டும் என்றாள். அன்று காலையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். செம்பு வாங்க ஐந்து நிமிடம். பழைய ரேடியோ கடையில் ஒன்றைத் திருகினால் ஏதோ ஊர்ப் பாட்டு மெல்லக் கேட்டது. சனியன், அங்கேயே நின்றுவிட்டேன். மின்சார ரயிலில் பெருங்களத்தூர் இறங்கி வீடு சேரும்போது மணி பதினொன்று.

பதினொன்று இருபதுக்குக் காதர் அண்ணனின் ஆட்டோ கிளம்பியது. இருபத்திரண்டு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். வண்டலூர் தாண்டினால் சாலையே தூங்குவதுபோல் இருக்கும். அந்த நேரத்திலும் குன்றுகள் மேல் லேசாகப் பனி. ஏரித் தண்ணீரில் கொக்குகள் அசையாமல் நின்றன. நாங்கள் போகிறோமா, ஊர்கள்தான் எங்களைக் கடந்து போகின்றனவா என்றே தெரியவில்லை.

"பிக்குவுக்குக் குடுத்தா நூறு மடங்கு புண்ணியம்னு அத்தான் புத்தகத்துல போட்டிருக்கே. பசிச்சவன் எல்லாம் ஒண்ணுதானேக்கா? காதர் அண்ணனுக்குக் குடுத்தா மட்டும் கம்மியா?" என்றேன்.

"இன்னா சார், நம்ம ரேட்டு அவ்ளோ கம்மியா கீது?" என்று அண்ணன் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "உனக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு அவர் நல்லா இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். மடியில் இருந்த தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. பிக்குவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாசலிலேயே காத்திருந்தார்.

"இருபது நிமிஷம்தானே சாமி, கொஞ்சம் பார்த்து..." என்று இழுத்தேன். புண்ணியத்துக்குமா பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்துவார்கள் என்று உள்ளுக்குள் எரிச்சல்.

"இல்லைங்க, எங்களுக்கு அது விதிமுறை" என்றார் கூச்சத்தோடு. "தினம் சோறு கொண்டு வர்ற அம்மாவை, நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன். பரவாயில்ல, நாளைக்குக் காலையில சாப்பிட்டுக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. புண்ணியம் தேடிப் போய் ஒரு மனிதரைப் பட்டினி போட்டிருந்தோம்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "அப்போ அவருக்கு ஒண்ணும் போய்ச் சேராதா சாமி?"

"சேரும்னுதான் எனக்கும் சொல்லிக் குடுத்தாங்கக்கா. உண்மையாவே சேருதான்னு எனக்குத் தெரியாது" என்றார் பிக்கு. சோற்றை வீணாக்க வேண்டாம் என்று காதர் அண்ணனை உட்காரச் சொன்னார். அண்ணன் தயங்கித் தயங்கித்தான் சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிக்கு தண்ணீர் குடித்தார். அவர் வயிறு இரைந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

திரும்பும் வழியில் கோவளம் பக்கமிருந்து உப்புக் காற்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நீங்களும் போவதென்றால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். பத்தரைக்குள் அங்கே இருங்கள். கேளம்பாக்கம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் நம்ப வேண்டாம். அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு மடங்கு உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பதில் தெரியாது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே சமையலறையில் தாளிக்கும் வாசனை. ஆறு மணிக்கு அக்கா தூக்குவாளியோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தான் பேருக்குத் திரும்பவுமாக்கா?" என்றேன்.

"யார் பேருக்கும் இல்லடா" என்றாள். "அந்தப் புள்ள நேத்துலேர்ந்து பட்டினி."