அழித்த நான்கு கதவுகள்

லாஸ்பேட்டையில் டிப்ளமோ முடித்த லினெட், புதுச்சேரியில் ஜானகிராமன் என்ற ஆர்க்கிடெக்டிடம் ஒன்பது வருடம் வரைபடம் போட்டாள். கடைகளிலும் அலுவலகங்களிலும் தளத்துக்குக் கீழே தொங்கவிடும் உலோகத் தகட்டு சீலிங்தான் அவள் வேலை. ஏசி குழாய், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அந்தத் தகடுகளுக்கு மேலே ஒன்றையொன்று இடிக்காமல் போகவேண்டும். ஏசிக்காரர், எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எது எங்கே முட்டுகிறது என்று அவள்தான் பிடிப்பாள்.

2006இல் ஒரு துணிக்கடைக்கு வரைந்தபோது, மேலே மறைந்திருக்கும் நான்கு ஏசி மெஷின்களுக்கும் நேர் கீழே திறந்து மூடும் கதவு வைத்தாள். கடை முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"கோடு கோடா தெரியுதாம். எடுத்துடும்மா," என்றார் ஜானகிராமன்.

"ரிப்பேர்னா எப்படி சார் மேல போவாங்க?"

"வரவன் பாத்துப்பான்."

இரண்டு நாள் இழுத்தடித்தாள். மூன்றாம் நாள் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். அழித்தாள்.

இரண்டு வருடம் கழித்து, சீலிங்கிலிருந்து புடவைகள்மேல் தண்ணீர் சொட்டியது. ஏசி மெக்கானிக் வடிவேல் வந்தார். வேறு வழியில்லாமல் ஒரு பெரிய விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஏறி, தகடுகள் தொங்கும் மெல்லிய சட்டத்தின்மேல் தவழ்ந்தார். அது ஆளைத் தாங்கும் சட்டம் இல்லை. தகடுகளோடு கீழே விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கியது.

விசாரிக்க வந்தவர்களிடம் ஜானகிராமன் வரைபடத்தைக் கொடுத்தார். ஓரத்தில் 'வரைந்தவர்: லினெட்' என்றிருந்தது. கதவு வைக்க அந்தப் பெண் மறந்துவிட்டாள் என்று எழுதியும் கொடுத்தார். கதவுள்ள பழைய படத்தை லினெட் கம்ப்யூட்டரில் தேடினாள். இல்லை. அந்த வாரமே வேலை போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். வடிவேல் மருந்து மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி நிர்மலா, "நீங்க யாரு அக்கா?" என்றாள்.

"அந்த சீலிங்க வரைஞ்சது நான்தான். மொதல்ல கதவு வச்சிருந்தேன். சார்தான் எடுக்கச் சொன்னாரு."



"எடுக்கச் சொன்னது அவுரு. அழிச்சது யாரு அக்கா?"

 லினெட் வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை நீட்டினாள்; நிர்மலா கையில் வாங்கவில்லை.

வடிவேல் அதன்பிறகு ஏணி ஏறவே இல்லை. ஜானகிராமனுக்கு அதே கடையின் அடுத்த கிளை வேலையும் கிடைத்தது. லினெட் நான்கு அலுவலகங்களில் வேலை கேட்டாள். "அந்தத் துணிக்கடை படம் போட்டது நீதானே?" என்று நான்கிலும் கேட்டார்கள். "ஆமா சார்," என்று நான்கிலும் சொன்னாள்.