பொன்னியின் ரத்தத்தில் நான் எழுதாமல் விட்டது

1. டோலி

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். மலேரியா ஸ்லைடு பார்ப்பதுதான் முக்கிய வேலை. ஊர் ஊராகப் போய் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பேன், ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன், பாசிட்டிவா நெகட்டிவா என்று ஃபாரத்தில் எழுதுவேன். அதற்கு மட்டும்தான் ஃபாரத்தில் கட்டம் உண்டு. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள் காலை, சாமை பயிரிடும் சடையன் தன் மனைவி பொன்னியைக் கம்பில் போர்வை தொங்கவிட்டு டோலி கட்டி, ஊர்க்காரர்களோடு தூக்கிவந்தார். இரண்டு பிள்ளைக்குத் தாய். உதடும் நகமும் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தன. சடையன் நேராக என்னிடம் வந்தார்.

"மூணு வாட்டி ரத்தம் எடுத்தீங்க சார். மாத்திர குடுத்தீங்க, காய்ச்சலும் நின்னுச்சு. இனிமே ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் இன்னாத்துக்கு இவ எழுந்து நிக்க மாட்றா?"

ஹீமோகுளோபின் பார்த்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலுகூட இல்லை. எங்கள் டாக்டரம்மா பொன்னியின் பழைய ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இந்தச் சிவப்புக் குருணை வெள்ளையணு இவ்வளவு இருக்கே. வயித்துல புழு இருந்தா இது ஏறும். நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம். எழுதக் கட்டம் இல்ல, விட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

2. தீப்பெட்டி

வேலூருக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும். ஜீப் மதியம்தான் வரும். "என்ன புழுன்னு தெரியாம அனுப்பினா ஏத்தின ரத்தமும் வடிஞ்சு போயிடும். அதுக்குள்ள மோஷன் பார்த்துச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மோஷன் சாம்பிளுக்கு நாங்கள் காலித் தீப்பெட்டிதான் கொடுப்போம். நான் நீட்டியதும் சடையன் இரண்டடி பின்னால் போனார்.

"ரத்தம் எத்தினி சொட்டு வோணுமோ எடுத்துக்குங்க. அத்த மட்டும் கேக்காதீங்க. ஒடம்பை வுட்டுப் போனத அடுத்தவன் கையில குடுக்கிற வழக்கம் எங்க ஊர்ல இல்ல. குடுத்தா அவ தங்க மாட்டா."

மூன்று ஆண்டுகளாக அந்த ஊர்களில் நானும் இதற்காகக் கெஞ்சி அலுத்தவன். அறிவியல் பேசினேன், அரசாங்கம் பேசினேன், அவர் அசையவில்லை. மணி பத்தரை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் ஊரில் புளியந்தோப்புக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. உதிர்வது தின்னும் பொருள். புளி உலுக்கும் காலத்தில் ஊரே தோப்பில்தான் இருக்கும். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போய் ரத்தம் எடுப்பேன். அந்தத் தோப்புக்கு மேல்புறத்துப் புதர்தான் ஊரே வெளிக்குப் போகும் ஒதுக்குப்புறம். மழை பெய்தால் அங்கிருந்து ஈரம் தோப்புக்குள் இறங்கும். பொன்னியின் வயிற்றில் இருப்பது வெறுங்கால் வழியாக ஏறும் புழு என்றால், அது என்னிடமும் இருக்கலாம்.

நான் அந்தத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். திரும்பி வந்து, என்னுடையதையே ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேடியதும் கிடைத்தது: மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டையுடன் ஒரு முட்டை. கொக்கிப்புழு. சடையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது யாருது சார்?"

"என்னோடது. உங்க தோப்புல வாங்கினது."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சர்க்கார் ஆளுக்குமா?" என்றார். கை நீட்டி இன்னொரு தீப்பெட்டி கேட்டார்.

பொன்னியின் ஸ்லைடில் முட்டையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் இருந்தன.

3. இரண்டு பேர் வேலை

ஜீப் போன பிறகு டாக்டரம்மா ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டினார். மலத்தோடு விழுந்த முட்டை பொரிந்து மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு காலின் தோலைத் துளைக்கிறது. ரத்தத்தோடு இதயத்துக்குப் போகிறது, அங்கிருந்து நுரையீரல். நுரையீரலில் ரத்தத்தை விட்டு வெளியேறித் தொண்டைக்கு ஏறுகிறது. நாமே அதை விழுங்கிக் குடலுக்கு அனுப்புகிறோம். கண்ணில்லாத ஒன்றுக்கு இத்தனை வழி எப்படித் தெரியும் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மலேரியா சிவப்பணுவை உடைக்குது. ஆனா உடைஞ்சதுல இருக்கிற இரும்புல பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கும். உடம்பு அதை எடுத்து மறுபடி ரத்தம் கட்டும்" என்றார். "கொக்கிப்புழு குடலைக் கடிச்சு ரத்தத்தையே வெளியேத்திடுது. இரும்பும் கூடவே போயிடுது."

ஒருவன் வீட்டை இடிக்கிறான், இன்னொருவன் செங்கல்லைக் கடத்துகிறான். ஒருவனை மற்றவன் பார்த்ததே இல்லை. மலேரியா போன பின்னும் பொன்னி ஏன் எழவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு சொட்டு ரத்தத்துக்குள் இப்படியொரு கூட்டு நடந்திருக்கிறது, நான் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறேன்.

வேறு சில புழுக்கள் மலேரியாவின் கடுமையைக் குறைக்கக்கூடும் என்றும், இல்லை கூட்டும் என்றும் பின்னாளில் டாக்டர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். முடிவாகச் சொன்னவரை நான் பார்க்கவில்லை.

ரத்தம் ஏற்றி, பூச்சி மாத்திரையும் இரும்பு மாத்திரையும் தின்று பொன்னி தேறிவந்தார். அடுத்த முறை நான் அந்த ஊருக்குப் போனபோது, ஒதுக்குப்புறத்தைத் தோப்புக்குக் கீழே மாற்றியிருந்தார்கள். என் தீப்பெட்டிக் கதையைச் சடையன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். புளி தட்டிக்கொண்டிருந்த பொன்னி நிமிர்ந்து, பத்துப் பேர் நடுவில் கேட்டார்: "இன்னா சார், உன் பூச்சி போச்சா?"

தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, கட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்ணில் பட்டதை ஃபாரத்தின் ஓரத்தில் எழுதினேன். வேலைக்கு வரும் இளையவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பொன்னி பிழைத்துக்கொண்டதால்தான் இதை அனுபவம் என்று சொல்ல முடிகிறது. இல்லையென்றால் நான் செய்ததற்கு வேறு பெயர்.