கருநாக்கு

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணத் தெரிந்ததற்காக என் நாக்கை வழித்தார்கள். பதினைந்து வருடம் ஆகிறது. இன்னும் கோபம் போகவில்லை. போகவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சோடா பாட்டிலை வெட்டி, ஸ்கேலை ஒட்டி, மொட்டை மாடியில் மழை அளந்துகொண்டிருந்தேன். அதற்கென்று ஒரு நோட்டு. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பாட்டிலும் நோட்டும் கூடவே வந்தன.

மாமா பால்கோவா கடைக்குப் பால் ஊற்றுகிறவர். ஒரு மாடு வற்றிவிட்டது. இன்னொன்று நிறைமாதச் சினை. அது கன்று போட்டால்தான் வீட்டில் மறுபடி பால். அந்த மாட்டுக்கு நடந்த உபசாரம் எனக்கு என்றைக்கும் நடந்ததில்லை. கன்று வரப்போகிறது என்று புதுசாக வேய்வதற்காகத் தொழுவத்துக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் மாடு கொல்லையில், ஒற்றைப் புளியமரத்தடியில் நின்றது.

ஒரு மத்தியானம் மேற்கே மலை கறுத்தது. மின்னியதும் எண்ணினேன். முப்பதில் இடித்தது. மூன்றுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கில் பத்து கிலோமீட்டர். அடுத்தது பதினைந்து. அதற்கடுத்தது ஆறு.

"மாமா, மாட்ட அவுத்துருங்க. அந்த மரத்துலதான் இடி விழும்" என்றேன்.

"ஏட்டி, டிவில மழை சொல்ற வேலைக்கா போகப்போற? சினை மாடு நனையக்கூடாது. பேசாம கிட."

அத்தை கடப்பாரையைத் தூக்கி முற்றத்தில் போட்டாள். இரும்பு கிடந்தால் இடி அதில் இறங்கிவிடுமாம். போட்டுவிட்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

"கடப்பாரையவிட மரம் ஒசரம் அத்த."

"வாயக் கழுவுட்டி மொதல்ல. நெறமாச மாட்ட வச்சுக்கிட்டு இடி விழும்ங்கா."

ஆறு என்றால் இரண்டு கிலோமீட்டர். அவிழ்க்க நேரம் இருக்கிறது. ஓடினேன். கொல்லையில் பாதி தூரம் போயிருப்பேன். மாமா பின்னால் ஓடிவந்து சடையைப் பிடித்து இழுத்துப்போய், வாசல்படிக்குள் தள்ளி, முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த மின்னலுக்கு நான் ஒன்றுகூட எண்ணவில்லை. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன.

மரம் பட்டை உரிந்து புகைந்தது. மாடு காலை நீட்டிக் கிடந்தது.

அத்தை மாட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாக்க நீட்டுட்டி."

நீட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி டார்ச் அடித்துப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை. "அடி நாக்குல இருக்கும்" என்று முடிவு செய்தார்கள். சொன்னது பலித்தால் கருநாக்கு. ஏன் பலித்தது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஷிப்டு முடிந்து பஸ் பிடித்து வந்த அம்மா, அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு, வழிப்பானால் ரத்தம் வருகிற மட்டும் என் நாக்கை வழித்தாள். நோட்டு அடுப்புக்குப் போனது. மாமா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். 'புள்ள சொல்லுச்சு, நாந்தான் கேக்கல.' நாலு வார்த்தை. சொல்லவில்லை.

இப்போது என் மாடியில் நல்ல மழைமானி இருக்கிறது. விசேஷத்துக்குப் பந்தல் போடுமுன் அதே அத்தை போன் செய்கிறாள். "செத்த பாத்துச் சொல்லுத்தா, மழை வருமா?" சொல்கிறேன். என் நாக்கு என்ன நிறம் என்று இப்போது அவள் கேட்பதில்லை.

ஆனால் என் கணக்கும் தப்பு. இடி காதில் விழுந்துவிட்டாலே மின்னல் நம்மை எட்டும். ஆறு எண்ணினால் நேரம் இருக்கிறது என்பதெல்லாம் கிடையாது. அதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று மாமாவின் கை ஞாபகம் வந்தது. எல்லோரும் மாட்டைச் சுற்றி நின்று அழ, அவர் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் ரிப்பனும் கொஞ்சம் முடியும் இருந்தன. இன்னொரு அடி விழப்போகிறது என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.