பதினொரு பேரும் ஒரு மேயரும்

இன்று காலை லண்டன் மோர்டனில் என் வீட்டுக் கதவுத் துளையால் வாக்காளர் அட்டை ஒன்று வந்து விழுந்தது. கவுன்சில் தேர்தலாம். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு இடியப்ப மணம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் சில அகதிக் குடும்பங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் இருந்தோம். அங்கே மேயர் இடதுசாரி. ரயில்வே பட்டறைத் தொழிலாளியாகத் தொடங்கி, தொழிற்சங்கம், நகரசபை என்று படிப்படியாக மேலே வந்தவர். மேயரான பிறகும் எங்களைப்போல மாடிக் குடியிருப்பில்தான் இருந்தார், லிப்ட் பழுதானால் அவரும் படியேறுவார். எங்களுக்கு விசா இல்லாத காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். மனிதர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறை வரைக்கும் நடந்தார். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமாக லண்டனுக்கு வந்துவிட்டோம். நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர்களை அப்படியே விட்டிருந்தோம்.

அங்கே வாக்கெடுப்பு இரண்டு சுற்றாக நடக்கும். ஒரு தேர்தலில் முதல் சுற்றில் மேயர் பின்தங்கிவிட்டார். எங்களைப்போலவே அங்கிருந்து வந்து லண்டன் ஸ்ட்ரெதமில் கடை வைத்திருந்த சிவம் அண்ணை போன் எடுத்தார்.

"மனுசன் தோக்கப்போறார். இரண்டாம் சுற்றுக்கு வான் எடுக்கிறன். வாறியோ?"

"எனக்கு ஷிப்ட் இருக்கண்ணை."

"உன்ரை மகளைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு அந்தாளுக்கும் வேலை இருந்ததுதானே."

ஷிப்டை மாற்றிக்கொண்டு ஏறினேன். பதினொரு பேர், ஒரு வான், என் மனைவி கட்டித்தந்த இடியப்பப் பார்சல்கள். கடல் கடக்கும்வரை சம்பல் மணம்தான்.

அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் பெயர் அச்சிட்ட தனித்தாள் உண்டு, வேண்டியவரின் தாளை எடுத்து உறையில் வைத்துப் பெட்டியில் போட்டால் போதும். நானோ லண்டன் கவுன்சில் தேர்தல்களில் பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டுப் பழகியவன். திரைக்குப் பின்னால் நின்று பேனாவை எடுத்து, மேயரின் பெயருக்கு நேரே அழகாக ஒரு புள்ளடி போட்டேன்.

திரும்பும் வழியில் சிவம் அண்ணை கேட்டார்.

"ஒருத்தரும் பேப்பரிலை ஒண்டும் கீறேல்லைத்தானே? கீறினால் வோட்டு செல்லாது."

"இல்லையண்ணை," என்றேன்.

கப்பலுக்குக் காத்திருந்தபோது முடிவு வந்தது. ஒன்பது வாக்குகளால் அவர் வென்றுவிட்டார். வானுக்குள் போட்ட சத்தத்தில் துறைமுகக் காவலர் வந்து எட்டிப் பார்த்தார். நாடில்லாமல் வந்து நின்ற நாங்கள் ஒரு நகரத்துக்கு மேயரைக் கொடுத்திருந்தோம். அன்று இரண்டு அங்குலம் உயரம் கூடியதுபோல்தான் லண்டனில் இறங்கினேன்.

மறுநாள் அவரே போன் எடுத்து ஒவ்வொருவருடனும் பேசினார். "உன்னுடைய வாக்கை நான் மறக்கமாட்டேன்," என்று பிரெஞ்சில் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அதன்பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். கலியாண வீடுகளில் அந்த வான் கதை வந்தால் இப்போதும் நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறேன், புள்ளடியை மட்டும் விட்டுவிட்டு. அவரிடம் ஒருநாள் சொல்ல வேண்டும், வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன மாரிக் குளிரில் அவர் காலமாகிவிட்டார்.