மீரா சாகிபின் ஓரக்கண்

பாம்பன் நஃபீசாவுக்கு எதையும் அடிவரை பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மீனைக் கழுவும்போதுகூட, அது கடைசியாக என்ன தின்றது என்று குடலைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் குழம்பு வைப்பாள். ஒரு தடவை மீன் வயிற்றில் மூக்குக்கண்ணாடி கிடந்ததாம். போட்டுப் பார்த்தாளாம், இலங்கை தெரிந்ததாம்! நம்பாதவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவளின் காதுக்கு, மீன் வியாபாரியான கணவர் மீரா சாகிபைப் பற்றியே ஒரு சங்கதி வந்தது. மீன் ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போன இங்கிலீஷ் டீச்சர் பானுப்பிரியாவை அவர் ‘லீர்’ பண்ணினாராம். வியாபாரிகள் சங்கத்தில் புகார். உண்மையென்று முடிவானால் அவர் இனி ஏலத்தில் கால் வைக்க முடியாது.

“அல்லா மேல ஆணை! அந்தப் புள்ள அங்கன நின்னதே எனக்குத் தெரியாது” என்றார் அவர்.

நஃபீசா நேரே டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

“கோவிச்சுக்கிறாதீக டீச்சர். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?”

“ஓரக்கண்ணால பாக்குறது. கூடவே ஒரு கள்ளச் சிரிப்பு. மனசுல தப்பான ஆசை.”

“மூணும் சேந்து இருக்கணுமா, ஒண்ணு இருந்தாலே போதுமா?”

எந்த மாணவியும் இப்படிக் கேட்டதில்லை. “மொத ரெண்டையும் என் கண்ணால பாத்தேன்க்கா.”

“மூணாவத நான் பாக்கணும். நீங்க நின்ன எடத்தக் காட்டுங்க.”

மறுநாள் காலை இருவரும் ஏலம் விடும் ராக்கப்பனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். எதிரே கூட்டத்தில் மீரா சாகிபு. பெரிய பாறை மீன் ஒன்று வந்து விழுந்தது. அவருடைய இடக்கண் சுருங்கியது. உதடு ஒரு பக்கமாக ஏறியது. பார்த்த நஃபீசாவுக்கே கூச்சமாகப் போயிற்று.

அதே நொடியில் ராக்கப்பன் விலையை ஏற்றிக் கூவினான். மறுபடியும் கண், மறுபடியும் ஏற்றம். வாய்விட்டுக் கேட்டால் போட்டிக்காரன் வீம்புக்கு ஏற்றிவிடுவான் என்று மனிதர் கண்ணாலேயே விலை கேட்கிறார்!

சரிதானா என்று பார்க்காமல் விடுவாளா? ராக்கப்பனுக்கு முன்னால் போய் நின்று அதேபோலக் கண்ணைச் சுருக்கி, உதட்டை ஏற்றினாள். விலை ஏறியது. யார் கேட்டது என்று பாராமல் மீரா சாகிபு அதற்கும் மேலே கேட்டார். அவளும் விடவில்லை. கடைசியில், “மீனு அக்காவுக்கு!” என்று முடித்தான் ராக்கப்பன்.

“அடியே, எனக்கு எதிரா நீயே ஏலங் கேக்குறியா?” என்று அலறினார் மீரா சாகிபு.

பானுப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். “புகார நானே வாபஸ் வாங்கிக்கிறேன் பாய். ஆனா இனிமே கையத் தூக்கிக் கேளுங்க.”

மீனைத் தூக்கிக்கொண்டு நடந்த கணவரை நஃபீசா மடக்கினாள். “அதெல்லாஞ் சரி. கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னய ஒரு தடவையாச்சும் அப்புடிப் பாத்திருக்கீகளா?”

மீன் ரொம்பக் கனம் என்று சொல்லி, மீரா சாகிபு நடையை எட்டிப் போட்டார்.